விவரக் கட்டத்தில் ஒரு புள்ளி

மார்ச் 14

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் போன் மூன்று வாரமாக அணைந்தே கிடக்கிறது. மெயிலுக்கும் பதில் இல்லை. வேறு வழியில்லாமல் காகிதமும் பேனாவும் எடுத்திருக்கிறேன். கையெழுத்து கோழி கிளறியது மாதிரிதான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தனக்குக் கண் போன புதிதில் அக்கா ஒரு தடவை சொன்னாள்: "இனிமே உன் கையெழுத்தைப் பார்க்க வேண்டாம்ல, அது ஒரு லாபம்டா." நான் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் முழித்தேன். அவள்தான் முதலில் சிரித்தாள்.

அவள் போய் இன்றோடு ஒரு மாதம். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. வேலைக்குப் போகிறேன், வருகிறேன், துணி துவைக்கிறேன். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் எப்படி இருக்கும், அப்படி இருக்கிறது உடம்பு முழுக்க. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவும் பயமாக இருக்கிறது.

ஆனால் ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. நேற்று உங்கள் பஸ் கம்பெனியின் இணையப் பக்கத்தைத் திறந்து, அந்த வாரத்து அறிவிப்புகளைத் தேடி எடுத்தேன். பிப்ரவரி 4, மாலை 5.12க்கு ஒன்று ஏறியிருக்கிறது. நாளை முதல் அக்கா பஸ் ஏறும் நிறுத்தம் சாலையின் எதிர்ப் பக்கத்துக்கு மாறுகிறது, இந்தப் பக்க நடைபாதையில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டுகிறார்கள். எல்லாம் சரியாகச் சொல்லியிருக்கிறது. என்ன பிரயோஜனம்? அது எழுத்தே இல்லை. ஆபீஸ் நோட்டீஸ் காகிதத்தைப் போனில் படம் பிடித்து, அந்தப் படத்தை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படம் வந்தால் அக்காவின் போன் அதற்குப் பின்னால் விவரக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் அவளுக்கு வாசித்துச் சொல்லும். படத்துக்குள் இருக்கிற எழுத்தைப் படிக்கிற புதுப் போன்கள் இருக்கின்றன, அவள்தான் பழசை விட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். சரி, கட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். ஒரு புள்ளி. ஒரே ஒரு முற்றுப்புள்ளி. பக்கத்தை ஏற்றும்போது, உங்கள் ஆபீஸ் எங்கள் கம்பெனியிடம் வாங்கிய மென்பொருள் விவரம் கேட்டிருக்கிறது, அந்த மகானுபாவர் புள்ளியைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

பக்கம் போடுவது உங்கள் பிரிவில் மூன்று பேர். உங்களைத் தவிர மற்ற இருவரில் யார் அது? பெயரை மட்டும் சொல்லுங்கள். மேலே நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள்
மச்சான்


மார்ச் 22

மச்சானுக்கு,

உன் கடிதம் வந்தது. மூன்று நாள் மேஜை மேல் இருந்தது, நாலாம் நாள் பிரித்தேன்.

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். சமைக்கிறேன். உப்பு போட்டேனா இல்லையா என்று தெரியாமலே சாப்பிட்டு முடித்துவிடுகிறேன். உன் அக்கா சட்டைகளில் உள்பக்கம் முடிச்சுப் போட்டு வைத்திருப்பாளே, நீலத்துக்கு ஒன்று, வெள்ளைக்கு இரண்டு என்று, அந்த முடிச்சுகளைத் தடவிப் பார்த்துத்தான் நானும் சட்டை எடுக்கிறேன். எனக்குக் கண் தெரியும் என்பது சட்டையைப் போட்ட பிறகுதான் ஞாபகம் வருகிறது.

அவள் போனைச் சார்ஜிலேயே வைத்திருக்கிறேன். காலையில் ஐந்தே முக்காலுக்கு அது மணி சொல்கிறது. நிறுத்தத் தெரியவில்லை. திரையைக் கறுப்பாக்கி வைத்திருந்தாள், எனக்கெதற்கு வெளிச்சம், சார்ஜ்தான் வீண் என்பாள். எங்கே தொட வேண்டும் என்று அவள் விரலுக்குத்தான் தெரியும். அது பாட்டுக்குச் சொல்லி ஓயும்வரை உட்கார்ந்திருக்கிறேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். யார் போட்டது என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது? ஒரு நாளைக்கு நாற்பது அறிவிப்பு வரும். கட்டம் சிவப்பாக மின்னும், ஒரு புள்ளி வைத்தால் அடங்கிவிடும். எல்லாரும் செய்வதுதான். கோபப்படுவதானால் பள்ளம் தோண்டினவன் மேல் படு. சுற்றி ஒரு பிளாஸ்டிக் நாடா கட்டியிருந்தான், இடுப்பு உயரத்தில். அவளுடைய ஸ்டிக் அதற்குக் கீழே நுழைந்து போய்விட்டது. தரையோடு ஒரு பலகை வைத்திருந்தால் ஸ்டிக் தட்டியிருக்கும், நின்றிருப்பாள். பதினொரு வருஷம் நடந்த பாதை. முந்தின நாள் சாயங்காலம் அவள் வீடு திரும்பின பிறகுதான் தோண்டியிருக்கிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

அத்தான்


மார்ச் 30

அத்தானுக்கு,

எட்டு நாள் கழித்து வந்த கடிதத்தில் முடிச்சு, சட்டை, நாடா எல்லாம் இருக்கிறது. நான் கேட்ட ஒரு பெயர் இல்லை.

பள்ளம் தோண்டினவனையும் நான் விடப்போவதில்லை, அது தனி. ஆனால் அக்கா அன்றைக்குக் காலையில் வழக்கம்போல் பக்கத்தைக் கேட்டுவிட்டுத்தானே கிளம்பியிருப்பாள்? கேட்காமல் ஒரு நாளும் படி இறங்க மாட்டாளே. பக்கம் சொல்லியிருந்தால் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டாள். நாடாவும் பலகையும் பிறகுதான்.

எல்லாரும் செய்வதுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டிய மனைவி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்த பிறகும் ஆபீஸ் ஆட்களுக்கு வால் பிடிக்க உங்களால் எப்படி முடிகிறது? பக்கத்து நாற்காலிக்காரர் மனசு நோகக் கூடாது, அவ்வளவுதானே? நீங்கள் எப்போதும் இப்படித்தான். யாரிடமும் முகம் முறிக்க மாட்டீர்கள். அக்கா அதை நல்ல குணம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

இன்று உங்கள் கம்பெனிக்கே எழுத்தில் புகார் அனுப்பிவிட்டேன். நீங்கள் சொல்லாவிட்டால் அவர்கள் சொல்லட்டும். பெயர் தெரிகிறவரை உங்களுக்கு நான் எழுதப்போவதில்லை.

மச்சான்


ஏப்ரல் 8

மச்சான்,

நான்தான்.

இதை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். வந்து பார்த்தால் அப்படியேதான் இருக்கிறது.

உன் புகார் ஒன்றாம் தேதி வந்தது. புகார்க் கடிதங்களைப் பிரித்து எண் போடுவதும் என் வேலைதான் என்பது உனக்குத் தெரியாது. உன் எண் 212. படிவத்தில் 'சம்பந்தப்பட்ட ஊழியர்' என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தாய். அதில் என் பெயரை எழுதி மேனேஜர் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். அவர் படித்துவிட்டு, "சார், இது உங்க வீட்டு விஷயம் ஆச்சே"ன்னு சொன்னார். ஆமாம், என் வீட்டு விஷயம்தான் என்றேன்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஐந்து மணிக்கு ஷிப்ட் முடிந்தது. பையைத் தோளில் மாட்டிவிட்டேன். அப்போது மேனேஜர் போனிலிருந்து அந்தப் படம் வந்தது, உடனே போட வேண்டும் என்றார். நின்றபடியே போட்டேன். உட்கார்ந்து தட்டியிருந்தால் நாலு வரி, மூன்று நிமிஷம். கட்டம் சிவந்தது. புள்ளி வைத்தேன். ஏறியது. வந்துவிட்டேன். எனக்குத் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. அந்தக் கட்டம் யாருக்காக இருக்கிறது என்று அந்த ஆபீஸில் என்னை விட நன்றாகத் தெரிந்தவன் கிடையாது. முதல் வருஷம் எல்லாப் படத்துக்கும் ஒழுங்காக எழுதினேன். பிறகு முக்கியமானதற்கு மட்டும். பிறகு கை தானாகப் புள்ளிக்குப் போக ஆரம்பித்தது.

வீட்டுக்கு வந்தேனே, வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா என்று நீ கேட்பாய். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவை, ரொம்ப வருஷத்துக்கு முன்னால், பஸ் நிறுத்தத்தில் பத்துப் பேர் நடுவில் நின்றுகொண்டு அவளிடம், "நாளைக்கு வண்டி லேட், ஜாக்கிரதையா நில்லு"ன்னு சத்தமாகச் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து ஒரு சட்டம் போட்டாள். "எனக்குன்னு தனியா எதுவும் வந்து சொல்லாதீங்க. ஊருக்குப் போடற பக்கத்துலயே எனக்கும் சேர்த்துப் போடுங்க. நான் படிச்சுக்கறேன்." அன்றிலிருந்து பஸ் சமாசாரம் எதையும் நான் வீட்டில் பேசுவதில்லை. அது எங்களுக்குள் ஒரு மரியாதை மாதிரி ஆகிவிட்டது. அன்று சாயங்காலம் திரைச்சீலை வாங்குவதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். பக்கத்தில்தான் போட்டாகிவிட்டதே என்று இருந்துவிட்டேன். போட்டது ஊமைப் படம் என்பது மண்டையில் ஏறவே இல்லை. மறுநாள் எனக்குக் காலை ஷிப்ட். அவள் எழுவதற்கு முன்பே கிளம்பிவிட்டேன்.

உன் முதல் கடிதத்தில் 'உங்களைத் தவிர' என்று எழுதியிருந்தாய். அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் அத்தனை நாள் பொய் சொன்னேன். எனக்கு உடன்பிறந்தவர் கிடையாது, உனக்குத் தெரியும். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள நீ ஒருவன்தான். இதைப் படித்த பிறகு என்னை நீ அத்தான் என்று கூப்பிடுவாயா மாட்டாயா, இனி என் வாழ்க்கையில் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். பதில் உடனே வேண்டாம்.

கீழே எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று தெரியவில்லை, விட்டுவிடுகிறேன்.


ஜூன் 19

எப்படிக் கூப்பிட்டு ஆரம்பிப்பது என்று எனக்கும் தெரியவில்லை. அதனால் கூப்பிடாமலே எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று அதைக் கிழிக்கத்தான் எடுத்தேன். கிழிக்கவும் கை வரவில்லை. மடித்து லேப்டாப் பையில் வைத்தேன். பத்து வாரமாகத் தினமும் ஆபீஸுக்குத் தூக்கிக்கொண்டு போய் வருகிறேன். உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. திட்டலாம் என்று உட்கார்ந்தால் அதுவும் வரவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மென்பொருளின் முதல் பதிப்பில் விவரம் எழுதாமல் படத்தை ஏற்றவே முடியாது. விற்பனைப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து என் மேஜையில் குந்திக்கொண்டார். "கஸ்டமர்லாம் கத்தறாங்கப்பா. எதையாவது டைப் பண்ணா விட்டுடற மாதிரி வை." வைத்தேன். நான்தான் வைத்தேன். நிரலில் ஒரே ஒரு வரி: கட்டத்தில் ஏதாவது ஓர் எழுத்து இருக்கிறதா, இருந்தால் போகலாம். அது புள்ளியாக இருந்தாலும் போகலாம். எழுதும்போதே எனக்குத் தெரியும், இது பூட்டைக் கழற்றிவிட்டுக் கதவில் பூட்டின் படத்தை மாட்டுகிற வேலை என்று.

போன வருஷம் ஆராய்ந்து பார்த்தோம். எங்கள் மென்பொருளில் செய்த பக்கங்களில், மூன்று படத்துக்கு ஒன்றில் விவரம் என்ற பெயரில் இருப்பது புள்ளி, அல்லது வெற்றிடம், அல்லது 'படம்' என்ற சொல். அந்த அறிக்கையைப் படித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனேன்.

இன்னொன்று. அக்கா எனக்குப் போன் பண்ணியிருந்தாள், இது நடப்பதற்கு ஒன்றரை வருஷம் முன்னால். "டேய், உன் சாஃப்ட்வேர்ல செஞ்ச பக்கம்னா எனக்கு உடனே தெரிஞ்சிடுதுடா. படம், புள்ளி, படம், புள்ளின்னே போகுது. யாரோ பக்கத்துல நின்னு இருமற மாதிரி இருக்கு." நான் சிரித்தேன். "அடுத்த பதிப்புல சரி பண்ணிடறேன்க்கா"ன்னேன். அடுத்த பதிப்பு வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. இடையில் பட்டன்களின் நிறத்தை மாற்றினோம்.

ஆக, பெயரைச் சொல்லுங்கள் என்று உங்களை நெருக்கினபோது என்னிடமே ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லாமல் உங்களைக் கோழை என்று நினைத்தேன்.

இப்போது அந்த வரியை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதப்போகிறேன். அனுமதி வாங்கிவிட்டேன், அரைமனதாக. ஆனால் மறுபடியும் கட்டாயப்படுத்தினால் மறுபடியும் ஏமாற்றுவார்கள். புள்ளி வைக்கிற ஆள் எந்த இடத்தில் புள்ளி வைக்க மாட்டான்? எங்கள் ஆபீஸில் யாருக்கும் இது தெரியாது. எல்லாரும் நல்ல பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று படித்தவர்கள். உங்களைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

விருப்பம் இருந்தால் எழுதுங்கள்.


ஜூலை 3

மச்சான்,

எழுதுகிறேன். முதலில் என் சமாசாரம். விசாரணை முடிந்தது. என்னைப் பக்கம் போடுவதிலிருந்து எடுத்துத் தொலைந்த பொருள் கவுன்ட்டரில் போட்டிருக்கிறார்கள். எதிரில் முப்பத்தாறு குடையும் ஒற்றைச் செருப்புகளும் ஒரு ஹார்மோனியமும் இருக்கின்றன. ஹார்மோனியத்தை ஒருவர் பஸ்ஸில் எப்படி மறந்துவிட்டு இறங்குவார் என்று யோசித்தபடி பொழுது போகிறது. பக்கம் போட ஒரு புதுப் பெண் வந்திருக்கிறாள். நல்ல பெண். முதல் நாளே புள்ளி வைக்கக் கற்றுக்கொண்டாள், யாரும் சொல்லித் தரவில்லை.

உன் அக்கா உன்னிடம் போனில் சொன்னாள் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை மட்டும் பலமுறை படித்தேன். அவள் தினமும் கேட்டது என் பக்கத்தைத்தான். இருமினது நான்தான். அது அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? ஒரு நாள்கூட என்னிடம் கேட்கவில்லை. உன்னிடம் போய் உன் சாஃப்ட்வேர் சரியில்லை என்று சொல்லியிருக்கிறாள். தம்பியிடம்கூடப் புருஷனை விட்டுக்கொடுக்கவில்லை. இதற்கு அழ வேண்டும் என்று தோன்றியது. குடைகளை எண்ணி எழுதி வைத்தேன்.

சரி, உனக்கு வேண்டியது.

சிவப்புப் போடாதே. எங்களுக்குச் சிவப்பு பழகிவிட்டது. வீட்டுக்குக் கிளம்பும்போது கேட்காதே, பையை மாட்டினவன் காதில் எதுவும் ஏறாது. படத்தை உள்ளே இழுத்துப் போடுகிற அந்த நிமிஷம் கேள், அப்போதுதான் படம் என்னவென்று மனசில் இருக்கும். அப்புறம், 'விவரம் அவசியம்' என்றால் அது என் காதில் 'கையெழுத்துப் போடு' என்கிற மாதிரிதான் விழுகிறது. ஒரு மனுஷன் கேட்கிற மாதிரி கேள். போனில் ஒருவர் இருக்கிறார், இந்தப் படத்தை அவருக்கு எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டால் எனக்கே பதில் வரும் என்று நினைக்கிறேன். எங்களுக்கு வருவதில் பாதி காகிதத்தைப் பிடித்த படம்தான். அப்படி வந்தால், இது எழுத்து ஆயிற்றே, எழுத்தாகவே போட்டுவிடலாமா என்று உன் மென்பொருளே கேட்டு, எழுத்தைப் பிரித்தும் கொடுத்துவிட்டால் யார் வேண்டாம் என்பார்கள்? சோம்பேறிக்கு எது சுலபமோ அதை நல்லதாக வைத்துவிடு. நான் அந்த வழியிலேயே போயிருப்பேன்.

இன்னொன்று தலைப்பு. தலைப்பு வேண்டும் என்றால் நான் எழுத்தைப் பெரிதாக்கிக் கறுப்பாக்குவேன். பார்க்கத் தலைப்பு மாதிரி இருக்கும். உன் அக்காவுக்கு அது தலைப்பே இல்லை. பக்கத்துக்குப் பின்னால் இருக்கிற எச்டிஎம்எல் குறியீட்டில் தலைப்பு என்று குறித்தால்தான் அவள் போன் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். இல்லாவிட்டால் மேலிருந்து கீழ்வரை முழுசும் கேட்க வேண்டும். காலையில் பதினாலு நிமிஷம் கேட்பாள். டீ ஆறிவிடும். பெரிதாக்கும் பட்டனைத் தேடி எடுக்கும் இடத்தில் வை, 'தலைப்பு' என்ற பட்டனைக் கைக்குக் கிட்ட வை. அவ்வளவுதான் வேலை.

இதையெல்லாம் அவளே உனக்குச் சொல்லியிருப்பாள், இன்னும் நன்றாக.

கையெழுத்துக்கு விட்ட இடத்தை இந்தத் தடவையும் விடுகிறேன்.


ஆகஸ்ட் 25

அத்தானுக்கு,

முடித்துவிட்டேன். உங்கள் கடிதத்தை என் திரைக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்து வேலை செய்தேன். 'பையை மாட்டினவன் காதில் எதுவும் ஏறாது' என்ற வரியை எங்கள் கூட்டத்தில் படித்துக் காட்டினேன். எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள்.

சிவப்பு போய்விட்டது. படத்தைப் போட்டதும் பக்கத்திலேயே ஒரு கேள்வி வரும், நீங்கள் சொன்ன போன் கேள்விதான். காகிதத்தின் படமாக இருந்தால் எழுத்தைப் பிரித்துக் கொடுத்து, இதையே போடலாமா என்று கேட்கும். தலைப்புப் பட்டன் முதலில், பெரிதாக்கும் பட்டன் மூன்று படி உள்ளே. அதைத் தேடிக் கண்டுபிடிக்கிறவருக்கு அப்படி ஒரு வைராக்கியம் இருந்தால் பெரிதாக்கிக்கொள்ளட்டும்.

ஒன்றில் மட்டும் தோற்றேன். 'விவரம் வேண்டாம், விட்டுவிடு' என்ற வழி இருந்தே தீர வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. கஸ்டமர் கையைக் கட்டக் கூடாதாம். மூன்று வாரம் மல்லுக்கட்டினேன். கடைசியில் ஒன்றுக்கு ஒத்துக்கொண்டார்கள். புள்ளி வைக்கலாம், விடலாம், என்ன வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் அப்படிச் செய்தால், ஏற்றுவதற்கு முன்னால் மென்பொருள் அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டும், கண் தெரியாதவர் போனில் எப்படிக் கேட்குமோ அப்படியே. முழுசும் கேட்டால்தான் அடுத்த பட்டன் வரும். கையைக் கட்டவில்லை, காதைத்தான் கொஞ்சம் திருகுகிறோம்.

உங்கள் ஆபீஸுக்கு இந்த வாரம் வந்து சேரும். அந்தப் புதுப் பெண்ணிடம் கேட்டு ஒரு தடவை போட்டுப் பாருங்கள். முடியாது என்றால் வேண்டாம். எனக்குச் சொல்ல வேறு ஆள் இல்லை என்பதால் கேட்கிறேன்.

இப்போதும் எனக்கு எதுவும் சரியாகவில்லை. உங்கள் மேல் இருப்பது கோபமா என்று தொட்டுப் பார்த்தால் என் மேலும் அதுவேதான் இருக்கிறது. இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்க முடியவில்லை, பிரிப்பதை விட்டுவிட்டேன். அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு வருகிறேன். உப்பு நான் போடுகிறேன்.

மச்சான்


செப்டம்பர் 2

மச்சான்,

கடிதத்தின் தலையில் அத்தான் என்று போட்டிருந்தாய். பார்த்தேன். அதைப் பற்றி இவ்வளவுதான் எழுத முடிகிறது.

நேற்று மதியம் கவுன்ட்டரைப் பூட்டிவிட்டு மேலே போனேன். புதுப் பெண் சாப்பிட்டு முடித்து டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் அந்த நாற்காலியில் உட்காரலாமா என்று கேட்டேன். "உங்க நாற்காலிதானே சார்"ன்னு சொன்னாள்.

வேறு எதையாவது போட்டுப் பார்த்திருக்கலாம். கை பிப்ரவரி 4 அறிவிப்பைத்தான் திறந்தது. எதையும் மாற்றாமல் மறுபடி ஏற்று என்று தட்டினேன். படத்துக்குப் பக்கத்தில் உன் கேள்வி வந்தது. விட்டுவிடு என்பதைத் தட்டினேன். அப்போது வாசிக்க ஆரம்பித்தது.

"நகரப் பேருந்து சேவை. இணைப்பு, முகப்பு. இணைப்பு, நேர அட்டவணை. இணைப்பு, தொடர்புக்கு. பிப்ரவரி நான்கு. படம். புள்ளி. பக்கம் முடிந்தது."

அவ்வளவுதான் மச்சான். அவள் கேட்கிற பதினாலு நிமிஷத்தில் இந்த அறிவிப்புக்குப் பதினைந்து விநாடிகூட இருக்காது. அன்று காலையில் அவள் கேட்டது இதுதான். இதைக் கேட்டுவிட்டு, இன்றைக்கு ஒன்றும் விசேஷம் இல்லை என்று போனைப் பையில் போட்டிருப்பாள். ஏழு மாதமாக அவள் விழுந்ததையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் அவள் கேட்டது என்ன என்று ஒரு தடவைகூட நான் கேட்டுப் பார்க்கவில்லை.

பிறகு திருத்தினேன். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்துக் கொடுத்தது. இரண்டு இடத்தில் பிழை, நானே தட்டினேன். நிறுத்தத்தின் பெயரைத் தலைப்பாக்கினேன். யாரும் படிக்கப் போவதில்லை, அந்தப் பள்ளத்தை மூடி ஐந்து மாதம் ஆகிறது. இருந்தாலும் முழுசாகத் தட்டினேன். இரண்டரை நிமிஷம் பிடித்தது, கடிகாரத்தைப் பார்த்தேன்.

எல்லாம் ஒழுங்காக இருந்தால் உன் மென்பொருள் வாசித்துக் காட்டாது போலிருக்கிறது. ஓரத்தில் 'கேட்டுப் பார்' என்று ஒரு பட்டன் இருந்தது. அதைத் தட்டினேன். நிதானமாக வாசித்தது. நாளை காலை முதல் பேருந்து எதிர்ப் பக்கத்தில் நிற்கும். இந்தப் பக்க நடைபாதையில் பள்ளம் இருக்கிறது, நடக்க வேண்டாம். முன்கூட்டியே திரும்பிச் சாலையைக் கடந்து மருந்துக்கடை வாசலில் நிற்கவும்.

வாசித்து முடிந்ததும், "கேட்டுச்சா?"ன்னு நான் கேட்டிருக்கிறேன். வாய்விட்டே. கேட்கிறோம் என்றே எனக்குத் தெரியவில்லை.

பின்னால் அந்தப் பெண் டப்பாவைத் துடைத்தபடி நின்றிருந்தாள். "கேட்டுச்சு சார்"ன்னாள். "எதிர்ப் பக்கம் போய் நிக்கணும். இந்தப் பக்கம் வரக்கூடாது. அதானே?"

ஆமாம்மா, அதேதான் என்றேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். ஏன் என்று கேட்காமல் சொன்னாள்.

அத்தான்